நான் எழுதாமல் விட்ட பன்னிரண்டாவது பொருள்

தம்பி,

பதின்மூன்று வருஷமாக ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். வைத்திருந்தது போதும். இன்னும் மூன்று வாரத்தில் உன் கல்யாணம். இப்போதும் நான் பேசாமல் இருந்தால், செய்யாத தவறைச் செய்ததாக நம்பிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், அந்த நம்பிக்கையோடேயே தன் மகளின் கையைப் பிடித்து உன்னிடம் அழைத்து வருவார். அதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தைரியமும் இல்லை. நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதால் வாட்ஸ்அப்பில் சொல்ல வழியில்லை. அம்மாவின் கைப்பேசியை வாங்கி எழுதலாம் என்றால், நான் எழுதி முடிப்பதற்குள் அவள் பின்னால் வந்து நின்று படித்துவிடுவாள். அதனால்தான் இந்தக் காகிதம். பொறுமையாகப் படி. படித்த பிறகு யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ வீட்டை விட்டுக் கிள்ளானுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. அன்று கூடத்தில் நின்று நான் கத்தியதை நீ மறந்திருக்க மாட்டாய். "சாமி கும்புடுற குடும்பத்துல சர்ச்சுல கல்யாணமா? நான் வரமாட்டேன்லா. நீ என்ன வேணா பண்ணிக்கோ" என்றேன். நீ கோபப்படவில்லை, சிரித்தாய். "அப்பா, நீங்க கோயிலுக்குப் போயி எத்தனை வருசம் ஆச்சு? தைப்பூசத்தயே டிவிலதானே பாக்குறீங்க?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு போனாய். தம்பி, சர்ச்சுக்கும் எனக்கும் எந்தத் தகராறும் இல்லை. ஜெசிந்தாவைப் போல ஒரு பெண் இந்த வீட்டுக்கு வருவதில் எனக்கு உள்ளூர எவ்வளவு மகிழ்ச்சி என்பதை நீ நம்ப மாட்டாய். நான் பயந்தது அவள் அப்பாவின் முகத்துக்கு.

உனக்கு அவர் சவரி அங்கிள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த சவரிமுத்து. நான் கேரி தீவுத் தோட்டத்திலிருந்து வந்தவன். மதிப்பெண் இருந்தும் இங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் சென்னைக்குப் போய் வேதியியல் படித்துத் திரும்பியவன். அந்த இடம் கிடைக்காத கதையை நீ சோறு தின்னும்போதெல்லாம் கேட்டிருக்கிறாய், திரும்பச் சொல்லமாட்டேன். நாங்கள் இருவரும் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் கெமிஸ்ட், அவர் குழாய்களை ஓட்டும் ஆபரேட்டர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை 'சவரி' என்றுதான் கூப்பிட்டேன். மனசுக்குள் இன்னமும் 'அவன்' என்றே வருகிறது. இந்தக் கடிதத்தில் 'அவர்' என்று எழுதுகிறேன். இதையாவது முன்பே செய்திருக்கலாம்.

தண்ணீரைச் சுத்தப்படுத்தும் பிசின் மணிகள் செய்வதுதான் அந்தத் தொழிற்சாலையின் வழக்கமான வேலை. நீ பதினாறு வயசில் நான்காம் படிவம் படித்த வருஷம் வெளிநாட்டிலிருந்து வேறொரு வேலை வந்தது. போரிக் பவுடரில் இருக்கிற போரானில் இரண்டு வகை உண்டு, லேசானது ஒன்று, கனமானது ஒன்று. இயற்கையில் பத்துக்கு இரண்டுதான் லேசானது, மீதி எட்டும் கனமானது. அணு உலைக்குள் பாய்ந்து திரியும் நியூட்ரான்களை விழுங்குவது அந்த லேசானதுதான். உலையின் வேகத்தை அடக்கவும், ஆபத்து வந்தால் அதை அப்படியே நிறுத்தவும் உள்ளே இறக்கும் தண்டுகளில் லேசான போரானை நிறைத்து வைத்தால் வேலை சுத்தமாக நடக்கும். அந்தத் தண்டுகளைச் செய்கிறவர்களுக்கு, லேசானதைப் பிரித்துச் சேர்த்த போரிக் அமிலத்தை நாங்கள் செய்து அனுப்ப வேண்டும். மூன்று ஆள் உயரக் குழாய்கள், உள்ளே ஜவ்வரிசி போலப் பிசின் மணிகள். மேலே கரைசலை விட்டு, பின்னாலேயே சுத்தத் தண்ணீரை விட்டுத் தள்ளிக்கொண்டே இருப்போம். லேசானது ஒவ்வொரு மணியிலும் இம்மி நேரம் கூடுதலாக ஒட்டிக்கொண்டு நிற்கும், கனமானது முந்திக்கொண்டு போகும். ஒரு குழாயில் ஒன்றும் தெரியாது. குழாய்க்குப் பின் குழாயாக ஆறு மாதம் ஓட்டினால், நாங்கள் வால் என்று சொல்லும் கடைசிப் பகுதியில் வருவது கிட்டத்தட்ட முழுக்க லேசானதாக இருக்கும்.

நீ புரியவில்லை என்றாய். அன்று நாம் மூவரும் பிரிக்ஃபீல்ட்ஸ் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், நடந்துகொண்டிருந்தோம். உன் அம்மா ஒவ்வொரு கடையிலும் ஒரு நிமிஷம் நின்றாள். நான் எங்கேயும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தேன். தெருக்கோடிக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது எங்களுக்கு நடுவில் நாற்பது கடை. "பாத்தியா, நான் கனமானது, அம்மா லேசானது. இதுதான் நாங்க ஃபேக்டரில பண்றது" என்றேன். மூச்சு வாங்க வந்து சேர்ந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு, "நான் லேசா? எழுதிக் குடுக்கச் சொல்லுடா தம்பி, கிளினிக்ல காட்டணும்" என்றாள். நீ வேர்க்கடலை வைத்து மடித்த ஆப்பம் பாலிக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு இன்றும் அந்தத் தெருவில் நீ நின்ற இடம் தெரியும். நீ அவளோடு நின்றாய். நான் முன்னால் தனியாக நின்றேன். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. ஆறு மாதம் பாடுபட்டு எடுத்த பொடியும் கடையில் கிடைக்கிற போரிக் பவுடரும் ஒரே வெள்ளை. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியாது. சாதாரணப் பொடி சிட்டிகை விழுந்தால்கூட நல்லது கெட்டுவிடும், கெட்டதை எந்தக் கருவியாலும் வெளியே எடுக்க முடியாது. அதனால் பொடியைக் காயவைத்து அடைக்கும் அறைக்குள் எதெல்லாம் வரக்கூடாது என்று பட்டியல் எழுதுவது என் வேலை. சூடு தாங்கும் கண்ணாடிக்குள்ளேயே போரான் இருப்பதால் கண்ணாடிப் பாத்திரம் கூடாது. சில சலவைத் தூள் கூடாது, கரப்பான் பூச்சி மருந்து கூடாது, கண் கழுவும் மருந்து கூடாது. இப்படிப் பதினோரு பொருள். பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். சவரி அதன் முன் நின்று விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "பாஸ், கேரம் பவுடர் எழுதலயே?" என்றார்.

கேன்டீனில் ஒரு கேரம் பலகை இருந்ததும், மதிய இடைவேளையில் அதில் நானே ராஜா என்பதும் உனக்குத் தெரியும். பலகையில் தூவுவது போரிக் பவுடர்தான். என் ஸ்ட்ரைக்கரை ஒரு சின்னத் துணிப்பையில், பவுடரில் புரட்டி, சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். பட்டியலில் அதை எழுதினால் பலகை போய்விடும். இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் மேனேஜர் சிரித்துக்கொண்டே, உங்கள் ஆட்களுக்கு வேலையைவிட இந்தப் பலகை முக்கியம்போல என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். பலகையால் வேலைக்கு ஒரு குறையும் வராது, அதற்கு நான் பொறுப்பு என்று நான் அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன். ஆகவே சவரியிடம், "அது கேன்டீன்ல இருக்கு, ரூம்லயா இருக்கு? பேசாம வாலா, இன்னிக்கு ஒரு காய்கூட விடாம உன்ன வெள்ளையடிக்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். "பவுடர் உங்க கையில இருக்கு பாஸ், வெள்ளையடிக்க வேற என்ன வேணும்" என்றார். அவ்வளவுதான். பன்னிரண்டாவது பொருளை நான் எழுதவில்லை.

பொடியை அடைத்த நாளன்று மதியம் ஓர் ஆட்டம் முடித்துவிட்டுத்தான் அறைக்குள் போனேன். கை கழுவினேன், மேலங்கி மாட்டினேன், எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். வாங்குகிறவர்களுக்கு அனுப்ப மூன்று சின்னக் குப்பிகளில் மாதிரி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் அரிசி மணி அளவு பொடி போதும். அதற்கென்றே பிளாஸ்டிக்கில் ஒரு குட்டிக் கரண்டி உண்டு. அது தொலைந்து தொலைந்து போவதால் நான் அதைச் சட்டைப் பையில் போட்டு வைப்பது வழக்கம். மேலங்கியை விலக்கி, பையிலிருந்து கரண்டியை எடுத்து, மூன்று குப்பிகளையும் நிரப்பினேன். அந்தப் பையில் வேறு என்ன இருந்தது என்பதை நீ இதற்குள் கண்டுபிடித்திருப்பாய். எனக்கு அப்போது தோன்றவே இல்லை. நான்காவது குப்பி நாங்கள் வைத்துக்கொள்ள. அதைச் சவரி புதுக் கரண்டியின் உறையைப் பிரித்து நிரப்பினார், அவர் கையாலேயே பெயரும் நாளும் எழுதி ஒட்டினார்.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. மூன்று குப்பிகளும் மூன்று விதமாக இருந்தன, மூன்றுமே சொன்ன அளவுக்குக் கீழே. சரக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உலையை நிறுத்துவதற்கு வைக்கும் பொருளில் சந்தேகம் இருந்தால் யார் வாங்குவார்கள்? காரணம் எழுதிக் கொடு என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். குழாயிலிருந்து வால் வரும் நேரத்தைப் பார்த்து வால்வைத் திருப்புவது சவரியின் வேலை. முன்னதாகத் திருப்பினால் நடுப்பகுதி வாலோடு கலந்துவிடும். 'வால்வு முன்னதாகத் திருப்பப்பட்டது, ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். தம்பி, உனக்கு வேதியியல் வேண்டாம், பாயசம் தெரிந்தால் போதும். ஒரே அண்டாவில் கலந்து காய்ச்சிய பாயசத்தில் மூன்று கரண்டி எடுத்தால் மூன்றும் ஒரே இனிப்பாகத்தான் இருக்கும். இனிப்பு குறைவாக இருக்கலாம், ஆனால் மூன்றும் ஒன்றாகத்தான் குறையும். நாங்கள் வாலில் வந்த எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கலந்துதான் காய்ச்சினோம். ஆகவே கோளாறு வால்வில் இருக்க முடியாது, கரண்டியில்தான் இருக்க முடியும். இது அந்த வாரம் முழுக்க என் தலைக்குள் இருந்தது. நான் அதை வெளியே விடவில்லை.

அங்கே இன்னொரு விதியும் உண்டு. எந்தத் தாளிலும் வேலை செய்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கையெழுத்து, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் போட வேண்டும். அதை எழுதியதும் நான்தான். அன்று சவரியைக் கூப்பிடவில்லை. மேனேஜர் அறையில் தனியாக உட்கார்ந்து, கையெழுத்துப் போடச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பேனாவின் கொக்கி முழுக்க வெள்ளையாக இருந்தது. என் விரலும் வெள்ளையாக இருந்தது. அப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: பொடி நன்றாக இருக்கிறது, மாதிரி எடுத்தது தப்பு, புதுக் கரண்டியில் மறுபடி எடுத்து அனுப்புவோம். சொல்லியிருந்தால் சரக்கு போயிருக்கும், சவரி வேலையில் இருந்திருப்பார், அந்தப் பிரிவே இன்றும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் எதிரில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். பலகைக்கு நான் பொறுப்பு என்று அவரிடம் சொன்னவன் நான். பிரிவுத் தலைவர் பதவி அடுத்த மாதம் எனக்குத்தான் என்று பேச்சு. விரலைக் கால்சட்டையில் துடைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

சவரியை அந்த வாரமே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் கார் நிறுத்துமிடத்தில் எனக்காகக் காத்திருந்தார். "பாஸ், நான் மணி பாத்துதான் திருப்புனேன். நோட்டுல எழுதியிருக்கேன்ல? நீங்க பாத்தீங்கதானே? நீங்க சொன்னா கேப்பாங்க பாஸ்" என்றார். குரல் உயர்ந்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "மேனேஜ்மெண்ட் முடிவு சவரி, என் கையில என்ன இருக்கு?" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று பதின்மூன்று வருஷம் யோசித்தேன். சும்மாதான் பார்த்திருப்பார். அவருக்கு எதுவும் தெரியாது.

பதவி எனக்கு வரவில்லை. வெளிநாட்டில் படித்து வந்த ஒரு சின்ன வயசுக்காரனுக்குக் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் பிரிவையே மூடினார்கள். குழாய்களைப் பழைய இரும்புக்காரர் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். வேண்டாம் என்று ஒதுக்கிய பொடி ஸ்டோரில் பீப்பாயில் கிடந்தது. ஒருநாள் கேன்டீனில் கேரம் பவுடர் தீர்ந்துபோக, யாரோ டின்னை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பீப்பாயிலிருந்து அள்ளி வந்து பலகையில் தூவினார்கள். "பாஸ், வாங்க, இன்னிக்கு நல்லா வழுக்குது!" என்று கூப்பிட்டார்கள். ஆறு மாதம் குழாய் குழாயாக ஓட்டி, சவரி மணி பார்த்துப் பார்த்துப் பிரித்தெடுத்த பொடி. அதன்மேல் காய்கள் சறுக்கிக்கொண்டு போயின. உலகத்திலேயே அதற்கு நிகரான கேரம் பவுடர் இருந்திருக்காது. நான் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு ஸ்ட்ரைக்கரைத் தொடவில்லை. ஏன் ஆடுவதில்லை என்று நீ கேட்டபோது மணிக்கட்டு வலி என்றேன்.

அந்த நான்காவது குப்பி மட்டும் என்னிடம் இருக்கிறது. பிரிவை மூடிய நாளில் எடுத்து வந்தேன். சில வருஷம் கழித்து, சென்னையில் என்னோடு படித்து இப்போது அங்கே ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஒருவனிடம், ஊருக்குப் போகிறவர் ஒருவர் மூலம் அதிலிருந்து ஒரு சிட்டிகையைக் கொடுத்தனுப்பினேன். 'அருமையான சரக்கு. சொன்ன அளவுக்கு மேலேயே இருக்கிறது. யார் செய்தது?' என்று பதில் எழுதினான். நான் அவனுக்குப் பதில் போடவில்லை.

நான் கசந்துபோனவன் என்று உன் மாமா எல்லாரிடமும் சொல்கிறார். அவர் மகள் கல்யாணத்தில் என்னைக் கடைசி மேசையில் உட்காரவைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை என்பதால் சொல்கிறார். உண்மைதான், மறக்கவில்லை. பல்கலைக்கழகத்தை மறக்கவில்லை, மேனேஜரை மறக்கவில்லை, அந்தச் சின்ன வயசுக்காரனை மறக்கவில்லை, நம் வாசலை மறித்துக் கார் நிறுத்தும் பக்கத்து வீட்டுக்காரரையும் மறக்கவில்லை. அவற்றில் சில கோபம் நியாயமானது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இத்தனை பேர்மேல் இவ்வளவு கோபத்தை நான் ஊட்டி வளர்த்ததற்குக் காரணம் வேறு. என்மேல் படவேண்டியதை எல்லார்மேலும் பிரித்துப் போட்டேன். நீ யாரையாவது நெடுநாள் வெறுத்துக்கொண்டிருப்பதாக உணர்ந்தால், முதலில் உன் சட்டைப் பையைத் தடவிப் பார். அப்பா சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான். தவறு செய்தால் கை கழுவுவதற்கு முன் சொல்லிவிடு. கழுவிய பிறகு, கை சுத்தமாகத்தானே இருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

போன சனிக்கிழமை சவரி நம் வீட்டுக்கு வந்தார். பெட்டாலிங் ஜெயாவில் இந்த வீட்டுப் படியை அவர் மிதித்துப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். நான் மாடியில் இருந்தேன். கீழே அம்மா, "வாங்கண்ணே, வாங்க! அண்ணி வரலயா?" என்றது கேட்டது. "அவளுக்கு முட்டி வலி தங்கச்சி. கார்ல ஏறுனா எறங்க மாட்டேங்குறா, எறங்குனா ஏற மாட்டேங்குறா" என்றார். அதே குரல். நான் இறங்கவில்லை. அம்மா படிக்கட்டில் நின்று, "கிள்ளான்லேருந்து ஒரு மனுசன் வந்திருக்காரு. கீழ வந்து மூஞ்சியக் காட்டுனா கரைஞ்சா போயிருவீங்க?" என்று கத்தினாள். இறங்கினேன். அவர் எழுந்து நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. இரண்டு கையாலும் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். அம்மா டீ போட உள்ளே போனதும், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"பாஸ், பழசு ஒண்ணு சொல்லிடுறேன். அந்த வால்வு விசயம். நான் மணி பாத்துதான் திருப்புனேன்னு அன்னிக்கு உங்ககிட்ட சத்தம் போட்டேன்ல? இத்தன வருசமா யோசிச்சுப் பாத்துட்டேன் பாஸ். நீங்க படிச்சவரு, பேப்பர்ல சும்மா எழுத மாட்டீங்க. நான்தான் தப்பா பாத்திருப்பேன். பசில இருந்தேனோ, என்னமோ, ஞாபகமில்ல. என்னால உங்க ப்ரமோசனும் போச்சு. அந்தக் கோவம் உங்களுக்கு இருக்கும், இல்லன்னு சொல்லல. அத புள்ளைங்க மேல காட்டாதீங்க பாஸ். என் மேல காட்டுங்க. கல்யாணத்தன்னிக்கு நீங்க வந்து நின்னா போதும், நான் பின்னாடி நிக்கிறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீ ஆறுது, குடிங்க" என்றேன். டீ இன்னும் வரவே இல்லை.

சவரி இப்போது கிள்ளானில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் மாற்றிக் கொடுக்கிறார் என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எதைச் செய்தாலும் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்து, நோட்டில் மணியை எழுதிவைப்பார் என்றும், அடுப்பை அணைத்தால்கூட எழுதுவார் என்றும் ஜெசிந்தா ஒருமுறை நம் வீட்டில் சொன்னாள். "எங்கப்பா டாய்லெட் போனாலும் டைம் எழுதுவாரு அங்கிள்" என்றாள். நீயும் அவளும் சிரித்தீர்கள், அம்மாவும் சிரித்தாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உனக்குப் புரியும். நான் அவர் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை தம்பி. தன் கண்ணால் பார்த்ததைத் தானே நம்ப முடியாதவராக அவரை ஆக்கினேன்.

இதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன நினைத்தாலும் சரி. உன்னிடம் மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் சர்ச் என்று சொன்ன பொய்க்காகக் கேட்கிறேன். அந்தப் பொய்யால் ஜெசிந்தா அழுதாள் என்று அம்மா சொன்னாள். அவளிடம் நீயே சொல். உங்கள் வீட்டில் ஒரு பலகை வாங்கிப் போடுங்கள். உன் மாமனாருக்கு நல்ல கை, என்னைவிட நல்ல கை. நான் ராஜாவாக இருந்தது பாதி நாள் அவர் விட்டுக்கொடுத்ததால் என்று இப்போது நினைக்கிறேன். அவரோடு உட்கார்ந்து ஆடு. பாசாருக்குப் போனால் ஜெசிந்தா நிற்கிற கடையில் நீயும் நில். நான் தெருக்கோடியில் போய் நின்றதில் ஒரு லாபமும் இல்லை.

இனி செய்ய வேண்டியது. இந்தக் கடிதத்தை நீ வைத்துக்கொள்ளாதே. சவரி அங்கிளிடம் கொடு. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படிக்கட்டும், அவசரப்படுத்தாதே. அவர் அன்று வால்வைச் சரியான மணிக்குத்தான் திருப்பினார். நோட்டில் எழுதியது சரி. கார் நிறுத்துமிடத்தில் சத்தம் போட்டதும் சரி. நான்காவது குப்பி சாட்சி. அதைக் கடிதத்தோடு வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். தபாலில் வெள்ளைப் பொடி வந்தால் உன் கல்யாணத்துக்குப் போலீஸ்தான் முதலில் வரும். அதனால் குப்பி என்னிடமே இருக்கிறது, அவர் கையெழுத்தோடு. அவர் வா என்றால் கொண்டுவந்து அவர் கையில் கொடுக்கிறேன். கல்யாணத்துக்கு நான் வரலாமா வேண்டாமா என்பதையும் அவரே சொல்லட்டும். வேண்டாம் என்றால் அம்மா மட்டும் வருவாள். அவள் எனக்குத் தெரியாமல் சேலை எடுத்து அலமாரியில் பழைய துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். நீல நிறம். நன்றாக இருக்கிறது. நான் பார்த்ததாகச் சொல்லிவிடாதே.

அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. தபாலில் போட்டுவிட்டு வந்துதான் சொல்வேன். முதலில் சொன்னால் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள், நானும் தேறிவிடுவேன்.

இந்தப் பக்கத்தின் அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஒன்று வேலை செய்தவருக்கு, ஒன்று சரிபார்த்தவருக்கு. இரண்டும் காலியாக இருக்கின்றன. தனியாக உட்கார்ந்து நான் போட்ட ஒரு கையெழுத்தே போதும், இன்னொன்றைத் தனியாகப் போடமாட்டேன். சவரி படித்து முடித்து, சரி வரட்டும் என்று சொன்னால், கிள்ளானுக்கு வந்து அவர் பக்கத்தில் நின்று, அவர் பேனாவை வாங்கி வேலை செய்தவர் கோட்டில் போடுகிறேன், சரிபார்த்தவர் கோடு அவருக்கு. சொல்லாவிட்டால் இரண்டு கோடும் காலியாகவே இருக்கட்டும், அதுவும் நியாயம்தான்.

உறையில் உன் முகவரியை எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன். கீழே அம்மா, "வெயில்ல எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்கிறாள். போஸ்ட் ஆபீஸுக்கு என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடாமலே கொண்டுபோகிறேன்.

வேலை செய்தவர்: ____________

சரிபார்த்தவர்: ____________